குகைக்குள் சொன்ன பெயர்

இஞ்சரப்பா, என் கோபக்கார மனுசனே,

ஹொல்ஸ்டெப்ரோவில் மழை. டென்மார்க்கில் வேறென்ன? எனக்கு முழங்கால் நோ. வேறு பெரிய புதினம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து, தேத்தண்ணீர்கூட ஊற்றாமல் இருந்து எழுதுகிறேன். ஒன்று சொல்ல வேண்டும். கோபிப்பீர்கள், தெரியும்.

நான் புத்தர் கோயிலுக்குப் போனேன். தாய்லாந்தில், மலைக்குள் இருக்கிற ஒரு சுண்ணாம்புக்கல் குகைக் கோயில்.

எங்கள் மகள் ஆரணி கலியாணம் செய்யப்போகிறாள். பெடியன் யோனஸ். தகப்பன் டெனிஷ்காரர், அம்மா மாலி தாய்லாந்துக்காரி. கலியாணத்துக்கு முன் பிள்ளைகளை அந்தக் குகைக்குக் கூட்டிப்போய் ஆசி வாங்குவது மாலி வீட்டாரின் வழக்கமாம். பெண்ணின் தாயும் கூட இருக்க வேண்டுமாம்.

ஆரணி என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒருநாள் கார் ஓட்டிக்கொண்டே, "அப்பா இருந்திருந்தா என்ர கலியாணத்துக்கு வந்திருப்பாரோ?" என்று மட்டும் கேட்டாள். டெனிஷில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். தமிழில் கேட்டுவிட்டாள். என்னால் ஓம் என்று சொல்ல முடியவில்லை.

அவளுக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டு யன்னலில் அழகுக்கு வைத்திருந்த புத்தர் தலைக்காக அந்த வீட்டுப் பிறந்தநாளுக்கே போகாத அப்பாவைத் தெரியும். பூக்கன்றுக் கடையில் அந்தத் தலைகளைக் கண்டால், வாங்க வந்ததை விட்டுவிட்டு வெளியே போய் மழையில் நின்ற அப்பாவைத் தெரியும். ஏன் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. பிள்ளைக்குக் கோபத்தைக் காட்டினோம், காரணத்தைக் காட்டவில்லை. அது சரியா?

போனேன். படிகள் ஏற ஏற முழங்கால் என்னை ஏசியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக் கல்லில் நடந்தோம். மேலேயிருந்து மெழுகுதிரி உருகினதுபோல் சுண்ணாம்பு வழிந்து தொங்கியது. அதற்கும் மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். கூரையில் ஓர் ஓட்டை, அதால் வந்த வெளிச்சத்தில் புத்தர் படுத்திருந்தார். வடிவாகத்தான் இருந்தது. உங்களுக்குப் பொய் சொல்லி என்ன?

கும்பிடுவதில்லை என்ற முடிவோடுதான் நின்றேன். பழகின கை சொல் கேட்குமா? ஊதுபத்திச் சட்டியில் கிடந்த சாம்பலைத் தொட்டு நெற்றியில் பூசிவிட்டேன்.

"அம்மா, அது திருநீறு இல்லை."

"பூசியாச்சு. இனி என்ன செய்யிறது?"

மாலி சிரித்துவிட்டுத் தானும் கொஞ்சம் எடுத்துப் பூசிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் நூல் வந்தது. பிக்கு ஓதி முடித்து வெள்ளை நூலைத் தட்டில் வைத்தார். மாலி எடுத்து யோனஸின் மணிக்கட்டிலும் ஆரணியின் மணிக்கட்டிலும் கட்டினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

மாலியின் முகம் வாடிப்போனது. "என்னில கோவமோ?" என்று டெனிஷில் கேட்டாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்த உடைந்த டெனிஷ்தான். ஆரணியோ, நீயும் அப்பா மாதிரித்தானா என்று ஒரு பார்வை பார்த்தாள்.

களைத்துப்போனேன், இஞ்சருங்கோ. படியேறின களைப்பு இல்லை. இத்தனை வருடம் உங்கள் கோபத்துக்குக் காவல் நின்ற களைப்பு. அந்த ஈரக் கல்லிலேயே இருந்துவிட்டேன். தெரிந்த டெனிஷில் மாலிக்குச் சொன்னேன்.

"இலங்கையில, என்ர மனுசன்ர தம்பியை ஆமிக்காரர் வீட்டில வந்து பிடிச்சுக்கொண்டு போனவை. அவையின்ர கையில இப்பிடித்தான் நூல் கட்டியிருந்தது. பிக்குமார் ஓதிக் கட்டின நூல். என்ர மனுசன் அந்தக் கையைப் பிடிச்சுத்தான் கெஞ்சினவர். தம்பி திரும்பி வரேல்லை."

மாலி நூலைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்தாள். பக்கத்தில் வந்து இருந்து, என் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டாள். யோனஸ் தன் கையில் இருந்ததை அவிழ்க்கப் போனான்.

"விடு தம்பி, அது உன்ர அம்மா கட்டினது. கிடக்கட்டும்."

ஆரணி என் முன்னால் குந்தியிருந்தாள். "எனக்கொரு சித்தப்பா இருந்தவரோ? அவற்ற பேர் என்ன?"

குலேந்திரன் என்றேன். எங்கள் வீட்டில் ஒருநாளும் சொல்லாத பெயரை ஒரு குகைக்குள் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். நாக்குப் புரளவில்லை, திருத்தினேன். இறங்கி வரும் வழியெல்லாம் கேள்விதான். சித்தப்பா உயரமோ, பகிடி விடுவாரோ, அப்பாவோடு சண்டை பிடிப்பாரோ? அப்பா வந்திருப்பாரோ என்று மட்டும் பிறகு கேட்கவில்லை. காருக்குள் ஏறி இருந்தபின், "பாவம் அப்பா" என்றாள்.

உங்களைப் பார்த்துப் பயப்பட்ட பிள்ளை அது. பாவம் என்று இதுவரை சொன்னதில்லை.

மிச்சத்தையும் அவளுக்குச் சொல்லுவேன். இனி ஒன்றையும் ஒளிக்க மாட்டேன், இது சத்தியம். கோபமென்றால் கனவில் வந்து ஏசுங்கள். உங்கள் குரல் கேட்டு எனக்கும் கனநாள் ஆகிறது.

உங்கள் மனுசி,
பவளம்