படுக்கையறை விமானம்

ஜனவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவும் நலம்தான், ஆனால் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். போனில் அம்மா நமக்கு விட்டுவைக்கும் நேரம் "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு தீர்ந்துவிடுவதால் மீதியை எழுத வேண்டியிருக்கிறது.

படுக்கையறையில் கட்டிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் விமானம் ஏறக்குறைய தயார். வேன் பட்டறையில் கழித்துப் போட்ட டிரைவர் சீட் இரண்டு கிடைத்தன. கடையில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரும் வாங்க வராத மானிட்டர்களை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். தலைக்கு மேலே வரும் சுவிட்சுப் பலகைக்கு உங்கள் துணி அலமாரியின் கதவு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அலமாரிக்கு இப்போது பழைய போர்வைதான் கதவு. "அந்த மனுஷன் வந்தா சட்டையை எங்கடா வைப்பாரு?" என்று அம்மா கேட்டாள். "முதல்ல வரட்டும்மா" என்றேன். அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். நானும் ஸ்க்ரூ முடுக்குவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

நேற்று முதல் தடவையாக நீங்கள் இருக்கும் ஊர்வரை ஓட்டினேன். தரையிறங்கியது தெரியவே இல்லை, அவ்வளவு மென்மை. எதிர்வீட்டு டெய்லர் பின்னால் முக்காலியில் பயணியாக இருந்தார். எழுந்துபோகும்போது, "கேப்டன், டிக்கெட் எவ்வளவு?" என்றார். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. கேலியாகத் தொடங்கியதுதான். நான் திருத்தவில்லை.

உங்கள் அன்பு மகன்


ஜனவரி 30

அன்புள்ள கேப்டனுக்கு,

உன் கடிதத்தை, வேலை பார்க்கும் ஸ்டோரில் வைத்தே படித்தேன். அலமாரிக் கதவு போனதில் எனக்கு வருத்தமில்லை. சட்டையெல்லாம் என்னோடு இங்கேதானே இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. குடும்பத்தை இரண்டு மாதம் கூட்டிவந்து வைத்துக்கொள்ளக் கம்பெனி அனுமதி கொடுத்துவிட்டது. எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடும்போது மேனேஜர், உனக்குக் குடும்பம் நிஜமாகவே இருக்கிறதா என்றார். எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு என்று சொல்லவில்லை.

உங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் அம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே கண்ணை மூடிக்கொள்பவள். தனியாக வரமாட்டாள். அதற்குத்தான் வீட்டிலேயே ஒரு கேப்டனை வளர்த்து வைத்திருக்கிறோம். அவள் கையை விடாதே.

என் அறையில் இருக்கும் வெல்டரும் சமையல்காரரும் பக்கத்து அறைக்கு மாறிக்கொள்கிறார்கள். வெல்டர் இரண்டு இரும்புக் கட்டில்களைச் சேர்த்து ஒட்டிக் கொடுத்தார். ஒட்டும்போது அவர் அடித்த ஜோக்கை மகனுக்கு எழுத முடியாது. ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கியிருக்கிறேன். நீலம். உன் அம்மாவுக்குப் பிடிக்காது என்று சமையல்காரர் இப்போதே சொல்கிறார்.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவுக்குப் பயிற்சி நடக்கிறது. தினமும் சமையல் முடிந்ததும் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து உங்கள் ஊருக்குக் கிளப்புகிறேன். சீட்டுக்கு அடியில் பழைய மிக்ஸி மோட்டாரைப் பொருத்தியிருப்பதால் நன்றாக அதிரும்.

"இது ஏன்டா இப்படி ஆடுது?"

"மேகத்துக்குள்ள போறோம்மா. காத்து."

"காத்துன்னா ஃபேனை நிறுத்தித் தொலை."

நேற்று மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, "டேய், அடுப்புல பால் வச்சிருக்கேன், இறக்கி விடு" என்றாள். நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். விமானம் நடுவானில் அப்படியே நின்றது. பாலை இறக்கிவிட்டு வந்து மானிட்டரைப் பார்த்தாள். "இன்னும் இங்கயேதான் நிக்கிறமா? அப்போ உங்கப்பா ஊரு போய்ச் சேர்ந்த மாதிரிதான்."

அப்பா, பயம் என்பது வேறொன்றுமில்லை, தகவல் பற்றாக்குறை. இறக்கை ஏன் வளைகிறது, சக்கரம் மடங்கும்போது ஏன் சத்தம் வருகிறது என்று தெரிந்துவிட்டால் பயப்பட ஒன்றும் மிச்சமிருக்காது. இதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளைப் பத்திரமாகக் கூட்டி வருவது என் பொறுப்பு.

உங்கள் அன்பு மகன்


மார்ச் 6

அன்புள்ள மகனுக்கு,

விமான நிலையத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். வெல்டர் ஒரு அட்டையில் 'கேப்டன்' என்று பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். விமானம் தாமதம் என்றார்கள். பிறகு வந்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள். கடைசியில் பெட்டி தள்ளும் ஆள்கூட வந்துவிட்டார். அப்போதுதான் உன் அம்மாவின் போன் வந்தது.

"எனக்குப் பயமாயிடுச்சுங்க. கதவு வரைக்கும் போயிட்டேன். அதுக்கு மேல கால் வரல."

நான் பதிலுக்குப் பேசியது எழுதத் தக்கதல்ல. எட்டு வருடத்தைச் சேர்த்துப் பேசிவிட்டேன். வெல்டர் அட்டையை மடித்துக்கொண்டு தூரப் போய் நின்றார். உன் அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என் தப்புதாங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படி ஒப்புக்கொண்டதை இதுவரை நான் கேட்டதில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

எனக்கு உன்னை நினைத்தால்தான் ஆறவில்லை. சின்ன வயதிலிருந்து எதற்கு ஏங்கினாயோ அதைத் தொடும் தூரத்தில் நின்றுவிட்டு, அவளுக்காகத் திரும்பி நடந்திருக்கிறாய். இன்னொருவன் என்றால் அம்மாவை விட்டுவிட்டு ஏறியிருப்பான். நீ அவளைக் குத்திக்காட்ட மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன், குத்திக்காட்டாதே.

அப்பா


மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா நலம். நீங்கள் திட்டியதை மனதில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் அவளைக் குத்திக்காட்டவில்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

கடையில் வேலை அதிகம். இன்னொரு சமயம் விரிவாக எழுதுகிறேன்.

மகன்


ஏப்ரல் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கவரை ஒட்டி அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். "இந்தத் தடவை அவ மட்டும் வரட்டும், தனியா வந்தாத்தான் பயம் தெளியும்" என்று சொல்லி நீங்கள் ஒரே ஒரு டிக்கெட் அனுப்பியிருக்கிறீர்கள். அவளுக்குத் தெளிய வேண்டிய பயம் எதுவும் இல்லை.

பயந்தது நான்.

அந்தக் குழாய் போன்ற நடைபாதை விமானத்தின் கதவில் முடிகிற இடத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியாகத் தரை தெரிந்தது. விமானம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஏன் நடுங்குகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து பிரயோசனமில்லை. உள்ளேயிருந்த பெண், "வாங்க சார்" என்றார். வீட்டில் ஓட்டும்போது நடுவில் மனது ஒரு மாதிரி ஆனால் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவேன். அதற்குப் பெயர் பயம் என்பது அந்தக் கதவருகேதான் தெரிந்தது.

"சார்ஜரை வெயிட்டிங் ஹால்லயே விட்டுட்டேன்மா, நீ ஏறு, வந்துடறேன்" என்றேன். அம்மாவின் கையை உதறிக்கொண்டுதான் வந்தேன். வந்து கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அம்மா ஏறிப் போயிருப்பாள் என்று நினைத்தேன். போகவேண்டும் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் யாரையோ காவலுக்கு நிறுத்திவிட்டு ஆண்கள் கழிவறைக்குள்ளேயே வந்து கதவைத் தட்டினாள்.

"டேய், சார்ஜர் என் பையிலதான் இருக்கு. வெளிய வா."

வந்தேன். என் முகத்தைப் பார்த்தாள். "சரி, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

பயணி ஏறவில்லை என்றால் அவர் பெட்டியைத் தேடி இறக்காமல் விமானத்தை எடுக்கமாட்டார்கள். இந்த விதியைத் தெருவில் பலருக்கு விளக்கியிருக்கிறேன். அன்று கண்ணாடி வழியாக நம் பெட்டிகளை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களுக்குத் தாமதம் என்று சொன்னார்களே, அது நான்.

டாக்சியில் அம்மா, "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். எனக்குப் பயம்னு சொன்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. நீ வாயைத் திறக்காதே" என்றாள். அவள் சொன்னதில் இந்த ஒன்றைத்தான் நான் மறு பேச்சில்லாமல் கேட்டிருக்கிறேன். நீங்கள் அவளைத் திட்டியபோது பக்கத்தில்தான் இருந்தேன். போனில் உங்கள் குரல் வெளியே கேட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன்.

ஒரு வேண்டுகோள். இது உங்களோடு இருக்கட்டும். வெல்டருக்கும் சமையல்காரருக்கும் தெரியவேண்டாம். டெய்லர் இன்னும் என்னைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்.

மகன்


ஏப்ரல் 16

அன்புள்ள கேப்டனுக்கு,

உன் அம்மா வந்து சேர்ந்துவிட்டாள். கூட்டத்தில் முதல் ஆளாக வெளியே வந்தாள். "ஒண்ணுமே இல்லீங்க, பஸ்ஸை விடத் தேவலாம், யாரும் மேல விழல" என்றாள். ஜன்னலோர சீட்டாம். வழி நெடுகக் கண்ணைத் திறந்துகொண்டுதான் வந்தாளாம். நீ கொடுத்த பயிற்சிதான். திரைச்சீலையின் நிறம் பிடிக்கவில்லை.

கடிதம் கொடுத்தனுப்பியதாகப் போனில் சொன்னாயே, அதைக் கேட்டேன். "ஜூஸ் கொட்டி ஊறிடுச்சுங்க, கிழிச்சு அங்கயே போட்டுட்டேன்" என்றாள். என்ன எழுதியிருந்தான் என்றேன். "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லித்தான், வேற என்ன" என்றாள். ஒட்டிய கவருக்குள் இருந்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாமா என நினைத்தேன். வந்த அன்றே எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி சாப்பிட எல்லோரும் கூடினோம். "இவங்கதான் பிளேன் கதவைப் பார்த்துட்டு வீட்டுக்கு ஓடினவங்க" என்று அறிமுகம் செய்தேன். வெல்டர் கதவைப் பிடித்துக்கொண்டு கால் நடுங்க நடித்துக் காட்டினார். சமையல்காரருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. உன் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். இப்போது தினமும் அந்த நாடகம் நடக்கிறது. அவள் கோபித்துக்கொள்வதே இல்லை. அவ்வளவு பெரிய மனசு இவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைத் தபாலில் உங்கள் ஸ்டோர் முகவரிக்கே அனுப்புகிறேன்.

போன கடிதத்தில் ஜூஸ் கொட்டவில்லை. கதவருகே கால் நடுங்கியவன் நான், அம்மா இல்லை. அவள் ஏறப் போனவள், எனக்காகத் திரும்பி வந்தாள். இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அதில் கெஞ்சியிருந்தேன். அந்த வரியை அம்மாவும் படித்திருப்பாள். அதனால்தான் கிழித்திருப்பாள்.

நீங்கள் தனியாகப் படித்துவிட்டு மடித்து வைக்கவேண்டாம். இது கிடைத்த அன்று ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் வெல்டருக்கும் சமையல்காரருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நடிப்பதானால் வெல்டர் என்னை நடிக்கட்டும். கழிவறைத் தாழ்ப்பாளையும் சார்ஜரையும் அம்மாவிடம் கேட்டு விட்டுப்போகாமல் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே டெய்லரிடம் இன்று காலை நானே சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது வரி வருவதற்குள் அம்மா காகிதத்தைப் பிடுங்க வருவாள். எழுந்து நின்று, கையை நன்றாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு படியுங்கள். அவளுக்கு எட்டாது.

உங்கள் மகன்