வில்லியனூருக்கு மேற்கே ஒரு வளைவு

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
8 பெப்ருவரி 1936, சனிக்கிழமை

சைகோனில் இருக்கும் மகன் கிறிஸ்துதாசுக்குச் சின்னம்மா எழுதுவது. உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாதென்று பூசையில் உன் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன், நாங்களும் இருக்கிறோம். இன்று நான் சொல்லாமல் விட்டதை உனக்காவது எழுதிவிடுகிறேன். ‘அந்த ஆற்றை வரைந்தவள் நான், நானும் வருகிறேன்’ என்று உன் அப்பாவிடம் சொல்லவில்லை.

உன் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு வருஷமாக அலுவலக வரைபடங்களை வீட்டுக்குக் கொண்டுவருகிறார், நான் வரைகிறேன், கையெழுத்து அவருடையது. இந்தத் தடவை செஞ்சியாறு. செஞ்சிக்கு மேற்கே மலையில் பிறந்து, தொண்டையாற்றைச் சேர்த்துக்கொண்டு, இங்கிலீஷ்காரன் எல்லையிலிருந்து நம் எல்லைக்குள் நுழைந்து, வில்லியனூரைக் கடந்து, பிறகு இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை வீராம்பட்டினத்தில் கடலில் விழும் வரைக்கும் முழு ஆறும் என் மேசையில் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்தது அரியாங்குப்பம் பாலத்தடியில் ஒரு துண்டு மட்டும், அதுவும் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, மூடிய வண்டிக்குள்ளிருந்து. ஆறு வருஷம் ஆகிறது. கோவிலைத் தவிர வேறெங்கும் போனதில்லை. உன்னைவிட மூன்றே வயது மூத்தவள் நான், உனக்குத் தெரியும்.

கீரைக்காரி அஞ்சலாட்சிக்கு வில்லியனூருக்கு மேற்கே ஆற்றங்கரையில் வீடு. நான் பார்த்து வரையும் பழைய படத்தை அவளிடம் காட்டினேன், சிரித்தாள். “இது யாரு ஊட்டு ஆறும்மா? நம்ம ஆறு வெள்ளத்துல எங்க கொல்லையத் தின்னுட்டு வடக்கால போயி ரெண்டு வருசமாவுது. உங்க பேனாவக் கேட்டுக்கினா போவும்?” அவள் சொன்னபடி வளைவை மாற்றினேன். அப்பாவிடம் சொல்ல மறந்துபோனேன்.

இன்று காலை அலுவலகத்துத் துரை படத்தோடு வீட்டுக்கே வந்து, இந்த வளைவு யார் சொல்லிப் போட்டது என்று கேட்டார். எந்த வளைவு என்று அப்பாவுக்குத் தெரியாது, நேரில் பார்த்துத்தான் போட்டேன் என்றார். அப்படியானால் மறுபடி போய்ப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள் என்று துரை போய்விட்டார். காப்பித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பி, “எதுக்கு மூச்சு வாங்குற? பொம்பளய இட்டுக்கினு ஆத்து மணல்ல அலஞ்சா ஊரு சிரிக்கும். வெத்தலப் பொட்டிய எடுத்து வை” என்றார். வெற்றிலைப் பெட்டியை எடுத்து வைத்தேன், மகனே.

அங்கே மழையில் நனைந்தபடி வேலைக்குப் போகாதே, தலையைத் துவட்டிக்கொள். பதில் எழுதும்போது அப்பாவின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், சில நாள் உன் கடிதத்தை அடுத்த வீட்டில் கொடுத்தும் வாசிக்கச் சொல்கிறார். மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் சின்னம்மா
சூசைமேரி

வியாழக்கிழமை. திங்களன்று அப்பா முருகையன் வண்டியில் போனார், மாலையே திரும்பினார். வண்டி வில்லியனூரைத் தாண்டவில்லை என்று முருகையன் சொன்னான். ‘நேரில் பார்த்தேன், வளைவு சரி’ என்று அப்பா எழுதச் சொன்னார், எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்துக்கு அவர் விரலைப் பிடித்து நகர்த்தி வைத்தேன்.