மௌத்தான வட்டவிதானைக்கு இருக்கிற வட்டவிதானை எழுதுவது

என் பாசத்துக்குரிய மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் இருக்கும் இடத்தில் வாய்க்காலும் இல்லை, வரம்பும் இல்லை. ஒருத்தரும் வந்து உங்களிடம் தண்ணீர் கேட்கப் போவதில்லை. மண்ணுக்குள் நிம்மதியாகக் கிடக்கும் மனிதனிடம் வயல் கதையைக் கொண்டுவருகிறானே என்று நினைக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

முதலில் செய்தி. உங்கள் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சிறுபோகக் கூட்டத்தில், இனி இந்த வாய்க்காலுக்கு யார் வட்டவிதானை என்று உத்தியோகத்தர் கேட்டதும், பின்னுக்கிருந்து ஒரு குரல், "விதானைட பொஞ்சாதிட தம்பி இரிக்காரே" என்றது. நான் மறுத்துப் பேச எழும்புவதற்குள் கைகள் எல்லாம் மேலே போய்விட்டன.

வாய்க்கால் துப்புரவாக்குவது, யார் வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் என்று பார்ப்பது, சண்டை வந்தால் நடுவில் நின்று ஏச்சு வாங்குவது எல்லாம் இப்போது என் பாடு. உங்களுக்குப் பொறுமை இருந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது சாய்ந்தமருது முழுக்கத் தெரியும். தெரிந்துகொண்டே கை உயர்த்தினார்களே, என்ன நினைத்து உயர்த்தினார்கள்?

புது விதானைமாருக்கென்று சம்மாந்துறையில் ஒரு பயிற்சி வைத்தார்கள். சுவரில் படம் விழுத்தி, நல்ல தலைவனுக்கு என்ன பண்பு வேண்டும் என்று ஒரு இளம் உத்தியோகத்தர் கேட்டார். நேர்மை, தூரநோக்கு, மற்றவர் சொல்வதைக் கேட்கும் காது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "எங்கட மச்சானைப் போல இரிக்கோணும்" என்றேன். உங்களை அறிந்தவர்கள் கை தட்டினார்கள். பகல் சாப்பாடும் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பதில் என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்கு விளங்கவில்லை.

இந்த முறை குளத்தில் தண்ணீர் குறைவு. அதனால் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தோம். மூன்று மாத நெல் மட்டும்தான், ஒரே கிழமையில் எல்லாரும் விதைக்க வேண்டும், பிந்துகிறவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கை உயர்த்தியவர்களில் உங்கள் தம்பி றபீக்கும் ஒருவன். பிறகு அவன் என்ன செய்தான் தெரியுமா? ஆலைக்காரன் விரும்பி எடுப்பான் என்று நாள் கூடிய நெல்லை விதைத்தான். அதையும் பிந்தி விதைத்தான். அவன் வயல் வாய்க்காலின் தலைப்பில், தண்ணீர் முதலில் வந்து சேரும் இடத்தில் என்பது உங்களுக்குத் தெரியும்.

கடைசி முறைத் தண்ணீர் திறந்தபோது கடைக்கோடி வயல்களில் கதிர் பால் பிடித்து நின்றது. தண்ணீர் போய்ச் சேராவிட்டால் அங்கே வயல் செய்யும் உதுமாலெவ்வை காக்காவும் அவருடைய பக்கத்து வயல்காரர்களும் பதரைத்தான் அறுக்க வேண்டும். றபீக்கின் முறை முடிந்திருந்தது. ஆனால் அவன் பயிரில் கதிரே இன்னும் வெளியே வரவில்லை, மேலும் தண்ணீர் கேட்டது. நான் வாய்க்காலில் இறங்கி நடந்து பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் போதாது.

"என்ட காக்கா இருந்தா எனக்குத் தண்ணி தந்திருப்பாரு" என்றான் றபீக், உங்களைச் சொல்லி, வரம்பில் நின்றுகொண்டு.

"என்னகா கதைக்கிறாய்? அந்த மனிசன் இருந்தா மொதல்ல எங்களுக்குத்தான் உட்டிருப்பாரு" என்றார் உதுமாலெவ்வை காக்கா.

கூடி நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் உங்களை இழுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில்கூட உங்கள் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை இருந்ததில்லை. என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. நானும் அதையேதான் கேட்டுக்கொண்டு நின்றேன்: மச்சான் இருந்தால் என்ன செய்திருப்பார்?

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதைக் கேட்க உங்கள் வீட்டுக்கு, ராத்தாவிடம் வந்தேன். உங்களுக்காக வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்த பிறகு இப்போதுதான் உங்கள் மனைவி கொஞ்சம் முகம் தெளிந்திருக்கிறார். மீன் கழுவிக்கொண்டிருந்தவர், நான் கேட்டதற்கு யோசிக்கவே இல்லை.

"றபீக்குக்குத்தான் குடுத்திருப்பாரு."

"என்ன ராத்தா சொல்றீங்க?"

"ஓம். தம்பியெண்டா அவருக்குக் கண் தெரியாது. குடுத்துப்போட்டு, மறுகா கடைக்கோடியாக்கள்ர ஊடு ஊடாப் போய் இரிந்து, கதைச்சி, மனச ஆத்திப்போட்டு வருவாரு. அவங்களும் அவர்ர மொகத்துக்காகப் பொறுத்துக்குவாங்க. ஆனா பதராப் போன நெல்லு போனதுதான்." சட்டியில் தண்ணீரை மாற்றி ஊற்றிவிட்டுச் சொன்னார்: "உனக்கு அந்த மொகம் இல்ல தம்பி. நீ சரியானதைத்தான் செய்யோணும்."

எனக்கு உங்கள் மீது கோபம் வந்தது. உங்கள் ஜனாசாவைத் தூக்கிய நாளில் வராத அழுகை அந்தக் குசினி வாசலில் வந்தது. இத்தனை மாதமும் குறையே இல்லாதவர் என்று நம்பிய ஒரு மனிதரைப் போல நடக்கப் பார்த்து, என்னை நானே திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்த மக்கள் உங்களுக்காகப் பொறுத்துக்கொண்டது எத்தனை போகம், மச்சான்? அது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

திரும்பி வந்து றபீக்கிடம் சொன்னேன்: "உன்ட காக்கா மௌத்தாகிட்டாரு. இப்ப விதானை நான். கூட்டத்துல நீயும் கை உசத்தினாய். தண்ணி கடைக்கோடிக்குப் போகுது." அவன் வயலுக்குத் தண்ணீர் பாயும் வக்கடையை நானே மண் வெட்டிப் போட்டுக் கட்டினேன். அவன் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. நான் திருப்பி ஏசவில்லை. கடைசி வயல் நனையும்வரை வாய்க்கால் பக்கம் நின்றேன்.

கடைக்கோடி விளைந்தது. றபீக்குக்குப் பாதிக்கு மேல் பதர். இப்போது ஜும்ஆத் தொழுகையில் என்னைக் கண்டால் என் வரிசையை விட்டு வேறு சஃபுக்குப் போகிறான். அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே வரவில்லை, அவன் பெண்சாதி தேத்தண்ணீர் அனுப்பினாள். குடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று உள்ளே கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன். வருகிற கிழமையும் போவேன். வீடு தேடிப் போவது உங்களிடம் எடுத்துக்கொண்டது. அதை நான் விடமாட்டேன்.

அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கட்டும். ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். இனி வாய்க்காலில் நின்றுகொண்டு, நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கமாட்டேன். செய்துவிட்டு வந்து சொல்வேன். ஏசுவதென்றால் அப்போது ஏசுங்கள்.

உங்கள் முகம் இல்லாத,
உங்கள் மச்சினன்
றஷீத்