விடிந்தும் தெளியாத தள்ளாட்டம்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகன் இளம்பரிதிக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நானும் உன் அம்மாவும் நலம், பிரான்சில் அந்தத் துலூஸ் நகரக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டர் சொன்ன பிறகே எழுதுகிறேன். நான் குடிக்கவில்லை. அன்றும் இல்லை, என்றும் இல்லை. போனில் சொன்னபோது நாக்கு குழறியது, அதையே நீ சாட்சியாக எடுத்துக்கொண்டாய். "குடிய விட்டுட்டுப் பேசுங்கப்பா" என்று செய்தி அனுப்பிவிட்டு என் எண்ணையும் தடை செய்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். நானே எழுதுகிறேன், நீ ஒன்றும் சொல்லாதே என்று உன் அம்மாவிடமும் சொல்லிவைத்தேன்.

மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது உனக்குத் தெரியும். காய்ச்சல் விட்டு நான் மறுபடி பள்ளிக்கூடம் போன வாரமே கால் வைத்த இடத்தில் நிற்காமல் போயிற்று, பேச்சு இழுத்தது, தம்ளரை எடுக்கப் போன கை அதைத் தட்டிவிட்டது. தெருவுக்குத் தெரு பிராந்திக் கடை இருக்கும் நம் ஊரில் சுவரைப் பிடித்து நடக்கும் வாத்தியாருக்கு வேறு காரணம் யார் தேடுவார்கள்? எதிர்வீட்டுக் காத்தவராயன் தினமும் குடிப்பவன், அவன் என்னைத் தனியே அழைத்து, "சார், புதுசா ஆரம்பிச்சிருக்கீங்க, வெறும் வயித்துல மட்டும் வேணாம்" என்று அக்கறையாகச் சொன்னான். உன் அம்மா என் வாயை முகர்ந்து பார்த்தாள், வாடை இல்லை. அது வோட்காவாக இருக்கும், அதில் வாடை வராது என்று தங்கைக்குப் பாடம் எடுத்தார் உன் மாமா விஜயராகவன். நான் தள்ளாடியதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியவரும் அவர்தான். எங்கள் கல்யாணப் பந்தலிலேயே வாத்தியார் மாப்பிள்ளை எதற்கு என்று கேட்டவர், நான் மறக்கவில்லை.

குடியை மறக்கடிக்கும் இல்லத்தில் சேர்க்க என்னைக் காரில் ஏற்றிப் போனவரும் அவரே. அங்கேதான் மாட்டிக்கொண்டார். அங்கிருந்த டாக்டர் கார்குழலிக்கு உன் வயதுதான் இருக்கும். உன் மாமா அளந்ததையெல்லாம் கேட்டு முடித்து, காலையில் எழும்போது இவர் எப்படி இருக்கிறார் என்று உன் அம்மாவிடம் கேட்டார். "அப்பவும் இப்படித்தான் டாக்டர், பல்லு வெளக்கப் போறப்பகூட செவுத்தப் புடிச்சுக்கிட்டுதான் போறாரு" என்றாள். "குடிச்சவருக்குத் தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்மா. இவருக்குத் தெளியவே இல்லியே. முன்னாடி காய்ச்சல் வந்துச்சா?" என்றார் டாக்டர். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி இது. பிறகு என் மூக்கையும் அவர் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார், அடிமேல் அடியொட்டி நடக்கச் சொன்னார், ஓரப் பார்வை பார்க்கச் சொன்னபோது என் கண்மணி துடித்ததாம். சேர்க்க முடியாது என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்கேனில் சிறுமூளை வீங்கியிருந்தது. காய்ச்சல் போன பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அங்கே போய்த் தாக்குவது அபூர்வமாக நடக்குமாம். போதை தாக்குவதும் மூளையின் அதே இடத்தைத்தானாம், அதனால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாதாம்.

மருந்து ஏற்றினார்கள், நடை திரும்பிவிட்டது. கருவடிக்குப்பத்தில் உன் மாமா பேரனுக்குக் காதுகுத்து, உறவெல்லாம் உட்கார்ந்திருந்த கூடத்தில் எழுந்து நின்று அந்த ஸ்கேன் அறிக்கையை நானே உரக்கப் படித்தேன். அடிமேல் அடியொட்டி நடந்தும் காட்டினேன். உன் மாமா, "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் மாப்ள செஞ்சேன்" என்றார். "அடுத்த காய்ச்சலுக்கு நல்லது செய்யாம இருங்க மச்சான்" என்றேன். அண்ணன் எதிரில் உன் அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, காய்ச்சல் என்றால் அலட்சியம் செய்யாதே. தலைவலிகூட உன்னை அண்டாமல் நீ நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட மறக்காதே. கையெழுத்துப் போடப் பேனாவைத் தாளில் வைத்தேன், எடுத்துவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் நான் அத்தாட்சி காட்டியது போதும். இந்தக் கோணாத எழுத்து யாருடையது என்று உனக்கே தெரிந்தால் என்னையும் கூப்பிடு. கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.