ராசாத்திக்கு அம்மை

ஜூன் 27, வெள்ளி

காலையிலிருந்து காற்று. மழை வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேட்டவலம் பக்கம் போய்விட்டது. பிளவுஸ் மூன்று வெட்டியாயிற்று.

ராசாத்தி உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. ரவையைத் தூவினது மாதிரி. மாப்ளைக்கு வாலில் நாலு. இரண்டு மீனும் பாறையில் உரசிக்கொண்டே இருக்கின்றன. கடல் இல்லாத ஊரில் உப்புப் பொடி கரைத்து ஹாலில் ஒரு கடல் வைத்திருக்கிறோம். அதற்கும் சீக்கு.

எதிர்வீட்டு சுமதி துணி கொடுக்க வந்தவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். "அக்கா, மீனுக்கு அம்மை போட்டிருக்குது." சிரித்தேன். அவள் போனதும் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 28, சனி

அவர் டூட்டி முடிந்து வந்து, கண்டக்டர் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால். ஒட்டுண்ணியாம். மருந்து சென்னையிலிருந்து வரணுமாம். இரண்டையும் நீல டப்புக்கு மாற்றினார். தொட்டித் தண்ணீர், காற்றுக் குழாய் ஒன்று. மணல் இல்லை, பாறை இல்லை.

"மருந்து வர்ற வரைக்கும் இதுலயே இருங்க." என்னிடம் இல்லை, மீனிடம். பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் இவ்வளவு மெதுவாக எதையும் சொன்னதில்லை இந்த மனுஷன்.

ஜூன் 30, திங்கள்

அவர் பெங்களூர் வண்டி. நாளைதான் வருவார். புள்ளி கம்மி.

வாங்க வேண்டியது: பிளவுஸ் கொக்கி, வெள்ளை நூல் 2, இரால் 50 கிராம். (கடைக்காரர்: "அம்பது கிராம்ல என்னம்மா கொழம்பு வெப்பீங்க?")

ஜூலை 1, செவ்வாய்

ஒரு புள்ளி இல்லை. டார்ச் அடித்தும் பார்த்தேன். அம்மை இறங்கிவிட்டது. டப் மூலையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நல்ல தண்ணீரை வெயிலில் வைத்து, வேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள். அம்மை இறங்கினால் தலைக்கு ஊற்றுவதுதானே வழக்கம். ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் பெரிய தொட்டியில் விட்டேன். ராசாத்தி ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தன் இடத்துக்கே போனாள். மனசு நிறைந்தது.

சாயங்காலம் அவர்: "யாரு உள்ள வுட்டது?"

"டப்புல தண்ணி கலங்கிடுச்சுங்க. பயந்துட்டேன்."

பொய். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூலை 5, சனி

புழுக்கம். மறுபடி புள்ளி, இந்தத் தடவை எண்ண முடியாது. மாப்ளை மேலே வந்து மூச்சு வாங்குகிறான். ராசாத்தி சாப்பிடவில்லை.

அவர் சொன்னார்: "புள்ளி போனா சீக்கு போச்சுன்னு இல்ல. மீன வுட்டு எறங்கி மணல்ல ஒண்ணு நூறா பெருகும். திரும்ப ஏறும். அதான் பெரிய தொட்டிய ரெண்டு மாசத்துக்கு மேல மீனில்லாம வுட்டுடலாம்னு இருந்தேன்."

பாறையெல்லாம் வெளியே எடுத்துத்தான் இரண்டையும் பிடிக்க முடிந்தது. மருந்து இன்றுதான் வந்தது. செம்பு மருந்து. அளவு கூடினால் மீன் சாகும், குறைந்தால் பூச்சி சாகாது. மருந்து கலந்த டப்பில் இரண்டையும் விட்டுவிட்டு, நனைந்த லுங்கியோடு தரையில் உட்கார்ந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"தண்ணி கலங்கலங்க. அம்மை எறங்கிடுச்சுன்னு தலைக்கு ஊத்தி நான்தான் வுட்டேன்."

"வேப்பிலை போட்டியா?"

"மஞ்சளும்."

லுங்கி நுனியைப் பிழிந்தார். பிறகு, "கூழு ஊத்தலயா?"

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

மாப்ளை போய்விட்டான். டப்பின் அடியில் கிடந்தான். செம்பருத்திச் செடிக்குக் கீழே குழி தோண்டினார். என்னால்தான் போனான். அவர் அப்படிச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

சமைக்கவில்லை. பிரெட்.

சுமதி அவள் வீட்டுக்காரரிடம்: "புள்ள இல்லாத வூடு, அதான் மீனுக்கு இந்தச் சீராட்டு." ஜன்னல் வழியாகக் கேட்டது. அவள் பிளவுஸுக்கு இன்று கொக்கி வைக்கப் போவதில்லை.

ஜூலை 9, புதன்

பௌர்ணமி கிரிவலத்துக்கு ஸ்பெஷல் பஸ். யாருக்கும் லீவு கிடையாது. இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரமாட்டார். மருந்து பாட்டில், அளவு பார்க்கிற குழாய், ராசாத்தி, எல்லாம் என் கையில். கேஸை மூடு என்பதையே பத்துத் தடவை சொல்கிற ஆள். இன்று "பாத்துக்க" என்பதோடு சரி.

ஜூலை 10, வியாழன்

அளவு சரி. இரண்டு முறை பார்த்தேன். 11 மணிக்கு இரால் துணுக்கு ஒன்றை வாயில் வாங்கினாள். துப்பிவிடுவாள் என்று நின்றேன். துப்பவில்லை. இன்னொன்று போட்டேன், அதுவும்.

உடனே போன். பஸ் இரைச்சல், அரோகரா சத்தம். "என்னா? என்னா?" என்கிறார். மூன்று தடவை கத்தினேன், ராசாத்தி சாப்டுட்டா, ராசாத்தி சாப்டுட்டா என்று. அந்தப் பக்கம் யாரோ ஒரு பொம்பளை குரல்: "வூட்ல யாருக்குனா உடம்பு சரியில்லீங்களா?"

"பொண்ணுக்கு அம்மைங்க" என்றார் அவர். "இப்பதான் வாய் தொறந்து சாப்டுச்சாம்."