மெடல் குத்திய இடம்

அன்புள்ள அம்மாவை வணங்கி, உன் மகள் சுந்தரவேணி கோவில்பட்டியிலிருந்து எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? மதுரையில் மழை உண்டா? இங்கே வெறும் புழுதிதான். தொண்டையெல்லாம் கரிசல் மண்.

ஒன்று நடந்தது, பயப்படாமல் படி. கழுகுமலையில் என் நாடகம் பார்த்த கூட்டம் வண்டி கட்டிக்கொண்டு இங்கேயும் வந்துவிட்டது. ரசிகர்களாம்! வெள்ளிக்கிழமை நாடகத்தில் நான் பாடும் நந்தவனப் பாட்டின் நடுவில் ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர்கள் தலைவர் கொம்பையா எனக்குப் பரிசாக ஒரு மெடலோடு மேடையேறினார். நான் கையை நீட்டினேன்.

"கையில குடுக்கவா கொண்டாந்தோம்? குத்துங்க அண்ணாச்சி!" என்று கீழே கத்தினார்கள்.

குத்தினார். ஊசி ரவிக்கையைத் தாண்டி, தோளுக்குக் கீழே சதையில் இறங்கியது. அதற்கும் விசில். வந்த ஆத்திரத்தில் மெடலைப் பிடுங்கி அவர் துண்டிலேயே குத்திவிட்டேன்.

இப்போது நாடகக் காண்ட்ராக்டர் வாசலில் நின்று, "மன்னிப்புக் கேட்டுருங்கம்மா. அவிய வரலேன்னா கொட்டகை காத்தாடும்" என்கிறார். காத்தாடட்டும். என் பாட்டுக்கு வந்தவர்கள் என் பாட்டையா நிறுத்துவார்கள்?

காயம் லேசாகச் சீழ் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கெட்டித் துணியில் இரண்டு ரவிக்கை தைத்து அனுப்பு. உன் ரசப்பொடியும் கொஞ்சம் அனுப்பு. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். அம்மா, உனக்கும் அதே இடத்தில் ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் கேட்டபோது தீக்குச்சி சுட்டது என்றாய். நீ மேடையேறிய காலத்தில் உனக்குக் குத்தியவன் யார்? பேரை மட்டும் எழுது.

உன் மகள்,
வேணி