ஆமை வேகத்தில் ஓர் அழைப்பு

அன்புள்ள அண்ணா,

நாற்பத்தெட்டு வயதில் எதற்கு மோர்ஸ் தந்திக் குறியீடு கற்றுக்கொள்கிறாய் என்று கேட்பாய். போன் இருக்கிறதே என்பாய். ஆறு வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை. வீட்டில் நீ வைத்திருக்கும் ஹாம் ரேடியோவில் மட்டும் யார் மோர்ஸில் அழைத்தாலும் பதில் சொல்கிறாய் என்று அண்ணி சொன்னார்.

எங்களுக்கு வகுப்பெடுப்பவர் ஓர் எலக்ட்ரீஷியன். புள்ளியையும் கோட்டையும் நான் எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து போய்விடும்.

“எண்ணாதீங்க மேடம், காதால கேளுங்க. உங்க புள்ளியியலை எல்லாம் காலேஜ்லயே விட்டுட்டு வாங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

எண்ணுவது என் பழக்கம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எத்தனை நாள் வரவில்லை என்று உறவினர்கள் முன்னால் எண்ணிச் சொன்னேன். எண்ணிக்கை சரிதான். சொல்லும்போது உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

தேர்வில் தேறிவிட்டேன், ரேடியோ உரிமமும் வந்துவிட்டது. நாளைக் காலை ஏழு மணிக்கு உன்னை அழைக்கப்போகிறேன். நீ பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன்.

மறுநாள் எழுதுவது: அழைத்தேன். யாரோ புது ஆள் என்று நினைத்து, என் ஆமை வேகத்துக்கு நீயும் இறங்கி வந்தாய். பெயர் கேட்டாய். சின்ன வயதில் நீ எனக்கு வைத்த பட்டப்பெயரைத் தட்டினேன். என் காபி ஆறிவிட்டது. பிறகு, முன்னைவிட மெதுவாக, “சாப்பிட்டியா” என்று வந்தது.

ஓர் எழுத்தைக்கூட நான் எண்ணவில்லை.

உன் வாலு